மேயோ ஹாலில் ஐந்து நாள்: ஓர் அல்சூர்ப் பெண் சட்டக் கல்லூரி தேர்ந்த விதம்

பெயர் போட வேண்டாம் என்றாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'பாப்பா' என்றே எழுதுகிறேன். அவளும் அவள் அப்பாவும் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தம் சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது.

நான் பெங்களூரில் 20 வருடத்துக்கு மேலாக வக்கீல். பெரும்பாலும் மேயோ ஹால் கோர்ட், சில நாள் சிட்டி சிவில் கோர்ட். வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, திரும்பி வந்த செக், இவைதான் என் பிழைப்பு. பாப்பாவின் ஆயா, அதாவது பாட்டி, என் கட்சிக்காரர். அல்சூரில் 40 வருடமாகக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு, இந்தக் கதை தொடங்கும்போது ஒன்பதாவது வருடத்தில் இருந்தது. ஆயாவுக்குக் கண் பார்வை மங்கல். அதனால் பள்ளிக்கூடம் லீவாக இருக்கிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேத்திதான் துணை. எட்டு வயதில் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தவள், பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வழக்குப் பட்டியலில் எங்கள் எண்ணை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

2023 டிசம்பர் 3-ஆம் தேதி, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினாள். 2 மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் வகை, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கோச்சிங் கிடையாது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு கைடு மட்டும். வந்த ரேங்க் மோசமில்லை. ஆனால் பெங்களூர் நாகர்பாவியில் இருக்கும் தேசிய சட்டப் பள்ளிக்கு எட்டவில்லை, கர்நாடகத்தில் பத்து வருடம் படித்த பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களைக் கணக்கில் சேர்த்தும்கூட. பிந்தைய கவுன்சலிங் சுற்றுகளில் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிடைக்கலாம் என்று தோன்றியது. கிடைத்தால் போவதா என்பதைச் சீட் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கச் சில நாள்தான் தருவார்கள்.

மூன்று பேர், இரண்டு கல்லூரி

அப்பாவுக்குப் பெயின்ட் கான்ட்ராக்ட். கையில் ஆறேழு ஆட்கள். அவர் மனதில் இருந்தது நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அந்தக் கட்டடத்தில் அவரே வேலை எடுத்திருக்கிறார். "கோர்ட் மாதிரியே ஒரு ஹால் கட்டி வெச்சிருக்காங்க மேடம், ஜட்ஜ் சீட்டெல்லாம் தேக்கு" என்றார். ஓசூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மனையை விற்றால் ஐந்து வருடத்துக்கும் பணம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆயாவுக்குத் திருச்சி. "நம்ம ஊரு வக்கீலம்மா. நம்ம ஜனங்க நடுவுல இருப்பா." ஆயா பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில். திருச்சிக்கு அவர் வாழ்நாளில் போனதே இல்லை. தமிழ்ப் பிள்ளை என்பதால் தமிழ்நாட்டுக் கோட்டாவில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் நம்பிக்கொண்டிருந்தார். இந்தத் தப்பைப் பெங்களூர்த் தமிழர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். வீட்டில் என்ன பேசுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே படித்தோம், எங்கே குடியிருந்தோம் என்று காட்டும் காகிதம்தான் பேசும். சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதியை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துப்போய் இடஒதுக்கீடு கேட்க முடியாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது ஆள் நான். நானும் திருச்சி கட்சிதான், காரணம் மட்டும் வேறு. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்ற பெயர் ஒரு கதவைத் திறக்கும், இந்தப் பெண் என்னைப் போல மேயோ ஹால் மாடிப்படியில் கோட்டைத் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டாம் என்று நினைத்தேன். இதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆலோசனை கேட்க வந்தவர்களிடம் நம் வாழ்க்கையின் குறையைத் தீர்த்துக்கொள்வது எங்கள் தொழிலில் ரொம்ப சாதாரணமாக நடக்கும் தப்பு.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. யாருமே அவளைக் கேட்கவும் இல்லை.

வெளியே வர வாசல் இல்லாத வீடு

கல்லூரியை ஒப்பிடுவதற்கு முன்னால், ஐந்து வருடப் படிப்பே இவளுக்குத் தேவையா என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் ஒரு சங்கதி இருக்கிறது, சேர்க்கை நேரத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி.யில் நடுவில் புகுவதும் கிடையாது, நடுவில் இறங்குவதும் கிடையாது. மூன்று வருடம் முடித்துவிட்டு, "சட்டம் எனக்கு ஒத்துவரவில்லை, பி.ஏ. பட்டத்தை மட்டும் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. விட்டால் எல்லாம் போச்சு. அதனால் மனசு ஊசலாடும் பிள்ளைக்கு முதலில் ஒரு பட்டம், பிறகு மூன்று வருட எல்.எல்.பி. என்பதுதான் பத்திரமான வழி. ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் நடுவில் ஒரு வாசல் இருக்கும். நாகர்பாவி தேசிய சட்டப் பள்ளியும் 2022 முதல் பட்டதாரிகளுக்கு மூன்று வருடப் படிப்பு நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆக, 17 வயதில் தவறிய ரேங்க் ஆயுளுக்கும் தவறியதல்ல.

ஆகவே முதல் கேள்வி, இவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா? ஆயாவோடு பை தூக்கி வந்த பழக்கத்தை ஆசை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாளா? அதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பி.யூ.சி. (கர்நாடகத்தின் பிளஸ் டூ) பரீட்சை மார்ச்சில் முடிந்தது. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஏப்ரலில் ஐந்து நாள், 11 மணியிலிருந்து 5 மணி வரை, கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரச் சொன்னேன். ஆயா வழக்கு இல்லாத ஹால். போன் பையிலேயே இருக்க வேண்டும். கோர்ட் திறந்த இடம், யாரும் போய் உட்காரலாம். பலருக்கு இது தெரியாது. வெளியூரில் இருப்பவர்கள் கர்நாடக உயர் நீதிமன்ற நேரலையை யூடியூபில் பார்க்கலாம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் நடப்பது வாதம். விசாரணைக் கோர்ட்டின் அலுப்பை யூடியூப் காட்டாது.

அலுப்புதான் முக்கியம். முதல் நாள் மாலை வந்து, எத்தனை வழக்கு கூப்பிட்டார்கள், எத்தனைக்கு வாய்தா விழுந்தது என்று எண்ணிச் சொன்னாள். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் தூங்கிவிட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை வேறு மாதிரி வந்தாள். ஒரு வயசான தமிழ் அம்மா சாட்சிக் கூண்டில். எதிர்த் தரப்பு வக்கீல் கன்னடத்தில் கேட்கிறார், கோர்ட் ஊழியர் ஒருவர் தமிழில் சொல்கிறார், பதில் கன்னடத்தில் பதிவாகிறது. இங்கே குறுக்கு விசாரணையில் சாட்சி ஒத்துக்கொண்டால் கேள்வியையே வாக்கியமாக்கி 'எந்தரெ சரி' என்று தட்டச்சு செய்வார்கள், 'என்றால் சரி' என்று பொருள். மறுத்தால் 'எந்தரெ சரியல்ல'.

"அந்தம்மா ஒத்துக்கவே இல்ல ஆன்ட்டி. கேள்வி முடியறதுக்குள்ள 'ம்... ஆமாங்க, ஆமாங்க'ன்னாங்க. நம்ம ஆயா போன்ல பேசறப்ப சொல்ற மாதிரி. 'சொல்லுங்க, கேட்டுக்குனு இருக்கேன்'னு அர்த்தம். மூணு தடவையும் சரின்னு எழுதிட்டாங்க. அவங்க வக்கீல் எழுந்திருக்கவே இல்ல."

இருபது வருடத்தில் எத்தனை தமிழ்ச் சாட்சிகளை நான் கூண்டில் ஏற்றியிருப்பேன்! இந்த 'ஆமாங்க' எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது என் சாட்சிகளிடம் முன்னாடியே சொல்லி அனுப்புகிறேன்: கேள்வி முடிகிற வரை வாயைத் திறக்காதீங்க. அது தனிக் கதை. இந்தப் பெண்ணுக்குக் காது கோர்ட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவள் தானாகவே போய், அந்த வழக்கின் அடுத்த வாய்தா எப்போது என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு வந்தாள்.

திருச்சி

அப்புறமும் நான் திருச்சியை விடவில்லை. கோர்ட் பிடிக்கும் என்பதற்கும் நல்ல கல்லூரியை விடுவதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடினேன். இன்னொரு சந்தேகமும் இருந்தது. வீட்டை விட்டுப் போகப் பயந்துகொண்டு, அந்தப் பயத்துக்குக் கோர்ட் ஆசை என்று பெயர் வைத்திருக்கிறாளோ? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் எடுக்கும் முடிவு அரைகுறை. அம்மாவோடு மயிலாடுதுறை எக்ஸ்பிரஸில் அனுப்பினேன். உறையூரில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு ராத்திரி.

கல்லூரி திண்டுக்கல் சாலையில், நவலூர்குட்டப்பட்டில். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் சம்பளம், பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்க வேண்டாம், அது அச்சிட்ட காகிதத்திலேயே கிடைக்கும், ராத்திரி 11 மணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதுவது, நாளைய பாடத்துக்குத் தீர்ப்பு படிப்பது, மெஸ் சாப்பாட்டைத் திட்டுவது, சும்மா சண்டை போடுவது என்று பதில் வந்தது. பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஹாஸ்டல் பயமெல்லாம் இல்ல ஆன்ட்டி. அங்க இருந்தா சந்தோஷமா இருப்பேன். அதான் கொழப்பமா இருக்கு" என்றாள். பயம் இல்லை என்று எனக்கும் உறுதியாயிற்று.

'நம்ம ஊரு' வாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே உடைந்துவிட்டதாம். பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இவள் பள்ளியில் எடுத்தது கன்னடம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள். கல்லூரியில் பாடம் ஆங்கிலம் என்பதால் இது படிப்பைப் பாதிக்காது. ஆயாவின் காரணம் செல்லாது என்று மட்டும்தான் இதிலிருந்து தெரிந்தது. அதேபோல, கன்னடம் மறந்துவிடும் என்று அம்மா சொன்ன எதிர்க் காரணமும் செல்லாது. அல்சூரில் பிறந்த பிள்ளைக்கு ஐந்து வருடத்தில் கன்னடம் எங்கே போய்விடும்? பட்டம் எங்கே வாங்கினாலும் கர்நாடக பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆக, திருச்சியில் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை.

ஓசூர் மனை

கணக்குப் போட உட்கார்ந்தோம். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், போக்குவரத்து, லேப்டாப், இன்டர்ன்ஷிப்புக்கு வெளியூர் தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்குத் தோராயமாக 12 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். அப்பாவால் 3 லட்சம் புரட்ட முடியும். மீதி 9 லட்சம் கல்விக் கடன். பேங்கில் சொன்ன வட்டி 10.5 சதவீதம். வருடத்துக்கு 1.8 லட்சமாக வாங்கினால், படிப்பு ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு வருட அவகாசம், அதுவரை தனி வட்டியாகவே 3.78 லட்சம் சேர்ந்துவிடும். 12.78 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 17,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேலே போனதால் பேங்க் சொத்துப் பத்திரம் கேட்டது. மறுபடி ஓசூர் மனை.

இதைச் சொல்லும்போது ஒரு குறிப்பு. முன்னணிக் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தரும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 நவம்பரில். எங்களுக்கு ஆறு மாதம் தாமதம். இன்று இதே கணக்கைப் போடுகிறவர்கள் தங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இப்போது மறு பக்கம். 2005-இல் நான் ஜூனியராகச் சேர்ந்தபோது சீனியர் மாதம் 1,500 ரூபாய் கொடுத்தார், அதுவும் தீபாவளி மாதம் மட்டும் நேரத்துக்கு. இன்று என் ஜூனியருக்கு நான் 12,000 தருகிறேன். அதையே இந்தக் கட்டடத்தில் தாராளம் என்கிறார்கள். 17,000 தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு 12,000 சம்பளத்துக்கு ஒருத்தி கோர்ட்டுக்கு வர முடியாது. கம்பெனி வேலைக்குத்தான் போயாக வேண்டும். கம்பெனி வேலை கௌரவமான வேலை, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை அவள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள், அவள் வாங்கிய கடன் தேர்ந்தெடுத்திருக்கும்.

"நாலு வருஷம் கம்பெனியில் இருந்து கடனை அடைச்சிட்டு கோர்ட்டுக்கு வாயேன்" என்றேன்.

"அப்படிப் போனவங்க யாராவது மேயோ ஹாலுக்குத் திரும்பி வந்திருக்காங்களா ஆன்ட்டி?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மாமனார் சீனியர் அட்வகேட்.

அப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், பிள்ளையைப் பார்த்து, "மனைய வித்துத்தான் ஆகணும்னு நான் நெனச்சிக்குனு இருந்தேன். நீ வேணாம்னா எனக்கென்ன" என்று எழுந்து போய்விட்டார். கோபமா நிம்மதியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இந்த இடத்தைத்தான் அவர் படித்துவிட்டு, "நிம்மதின்னு போட்டுக்குங்க மேடம்" என்றார். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

கவுன்சலிங்கில் திருச்சி சீட் வந்தது. உறுதி செய்யாமல் விட்டாள். அன்று ராத்திரி அழுததாக அம்மா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்

மிச்சம் இருந்தது ஊருக்குள் இருக்கும் கல்லூரிகள், ஹுப்பள்ளியில் உள்ள கர்நாடக மாநில சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பெயர், வயது, கட்டடம் எதையும் பார்க்காமல் இரண்டு கல்லூரிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2 மணிக்குச் சொல்லாமல் போனோம். காலை பத்து மணிக்கு எந்தக் கல்லூரியும் கல்லூரி மாதிரிதான் இருக்கும்.

ஒன்றில் வகுப்புகள் காலி. ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். "அட்டெண்டன்ஸ் பத்திக் கவலைப்படாதீங்க, அட்ஜஸ்ட் மாடோணா" என்றார். அப்பாவுக்கு அது வசதியாகத் தெரிந்தது. காலையில் கல்லூரி, மத்தியானம் கோர்ட் என்று ஓட்டலாமே! நான் வெளியே வந்ததும் வேண்டாம் என்றேன். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். அட்ஜஸ்ட் செய்கிறவர்கள் அட்ஜஸ்ட் செய்ய முடியாமல் போகிற அன்று பிள்ளையைத்தான் கைவிடுவார்கள். அதே வருடம், 2024 செப்டம்பரில், பார் கவுன்சில் சட்டக் கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இன்னொன்றில் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அப்பா அதைத்தான் முதலில் பார்த்தார், தொழில் புத்தி. மாடியில் பதினைந்து பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை ஒப்பந்தச் சட்டத்தில் ஏதோ கேள்வி கேட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பையன் தப்பான பதில் சொல்லிவிட்டு உட்காராமல் வாதாடினான். பாப்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். பார் கவுன்சில் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஃபீஸ் வருடத்துக்கு 50,000-க்குள். நுழைவுத் தேர்வு கிடையாது, பி.யூ.சி. மதிப்பெண்தான். சேர்த்துவிட்டோம்.

நான் தவறவிட்டது

இப்போது நான்காவது செமஸ்டர். பொருளாதாரத்தில் ஓர் அரியர் இருக்கிறது. நூலகத்தில் சட்டத் தொகுப்புகள் பழையவை, புதிய கிரிமினல் சட்டங்கள் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகும் பாதிப் புத்தகம் இந்திய தண்டனைச் சட்டம்தான். இதெல்லாம் எதிர்பார்த்ததே.

எதிர்பார்க்காதது தனிமை. திருச்சியில் கேட்ட அந்த 11 மணிக் கேள்விக்கு அல்சூரில் பதில் இல்லை. 5 மணிக்கு வீட்டுக்கு வந்தால் சட்டம் பேச ஆயாதான். பி.யூ.சி.யில் கூடப் படித்த ஒருத்தி வேறொரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அவளுடைய இன்டர்ன்ஷிப் படங்கள் போனில் வரும். ஒரு நாள் என் ஆபீஸில் அதைக் காட்டிவிட்டு எதுவும் பேசாமல் போனாள். கூடப் படிப்பவர்கள் யார் என்பதைப் பணத்துக்குச் சமமான எடையில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் படித்தது மாலைக் கல்லூரியில், வகுப்பில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். இழந்தது என்னவென்றே எனக்குத் தெரியாது.

அவளாகவே ஒன்று செய்தாள். சனிக்கிழமைகளில் கப்பன் பார்க் மத்திய நூலகத்தில் நான்கு பேர் சேர்ந்து தீர்ப்பு படிப்பது. இப்போது இரண்டு பேராகிவிட்டது. அந்த இன்னொருவன், வகுப்பில் உட்காராமல் வாதாடினானே, அவன்தான்.

இன்டர்ன்ஷிப் ஐந்து வருடத்தில் குறைந்தது 20 வாரம் வேண்டும். என்னிடம் வருவதாகச் சொன்னாள், நான் மறுத்துவிட்டேன். கட்சிக்காரரின் பேத்தி என்பதால் நான் திட்ட மாட்டேன், திட்டாத சீனியரிடம் தொழில் வராது. சிட்டி சிவில் கோர்ட்டில் என்னைவிடக் கடுமையான ஒருவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம், கீழ்க் கோர்ட் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்தது. "பாத்தீங்களா மேடம், நாம எடுத்த முடிவு சரிதான்" என்று அப்பா போன் செய்தார். அவருக்கு மகளை ஜட்ஜாகப் பார்க்க ஆசை. நாங்கள் 2024-இல் இதை நினைத்து முடிவெடுக்கவில்லை, அதிர்ஷ்டத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயாவின் வழக்கு இன்னும் நடக்கிறது. போன வருடம் பி.யூ.சி. முடித்த தம்பி, அக்காவைப் பார்த்துத் தானும் சட்டம் படிப்பதாகச் சொன்னான். பாப்பா அவனை மேயோ ஹாலுக்குக் கூட்டி வந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. பி.காம். சேர்த்திருக்கிறார்கள்.